மரை தேய்ந்த செசி: கிற்றார் அம்பிளிபயரின் திருகாணித் துளைகளைச் சரிசெய்யும் முழுமையான வழிகாட்டி

அம்பிளிபயரின் திருகாணி ஒன்று இறுகாமல் வெறுமனே சுற்றினால், பெரும்பாலானோர் அதைவிடச் சற்றுத் தடித்த ஒன்றைத் தேடி எடுத்து அழுத்தித் திருகிவிடுகிறார்கள். அன்றைய நிகழ்ச்சி எப்படியோ நடந்துவிடும். அடுத்த முறை கழற்றும்போது தகட்டில் எஞ்சியிருந்த உலோகமும் திருகாணியோடு சேர்ந்து வந்துவிடும். அரை மணி நேர வேலை அப்போது அரை நாள் வேலையாகிவிடுகிறது.

எங்கள் கரையோரத்தில் இந்தப் பழுது அடிக்கடி வருகிறது. மட்டக்களப்பு நகரம் வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிறது. கல்லடியிலிருந்து தெற்கே கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வரை காற்றில் உப்பு இருக்கிறது. வடகீழ்ப் பருவ மழை மாதங்களில் அந்த உப்பு ஈரத்தோடு சேர்ந்து மரைகளுக்குள், அதாவது திருகாணி பிடிக்கும் புரிகளுக்குள், இறங்குகிறது. துருவேறி இறுகிப்போன திருகாணியை வலிந்து கழற்றும்போது முதலில் சிதைவது செசியின், அதாவது பாகங்களைத் தாங்கும் உலோகத் தகட்டுச் சட்டத்தின், மரைதான். தேவாலயத்திலிருந்து மண்டபத்துக்கும், மண்டபத்திலிருந்து கோயில் மேடைக்கும் முச்சக்கர வண்டியில் குலுங்கிப் போகும் பயணங்கள் மீதியைப் பார்த்துக்கொள்கின்றன.

இந்த வேலை முழுவதற்கும் அடிப்படை ஒன்றுதான்: மரை பிடித்து நிற்கத் தடிப்பு வேண்டும். இரும்புச் செசிகள் பலவற்றின் தகடு 1.2 மில்லிமீற்றர் அளவில்தான் இருக்கும். எம்4 (4 மில்லிமீற்றர் விட்டமுள்ள) திருகாணியின் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 0.7 மில்லிமீற்றர். அப்படியானால் அந்தத் தகட்டில் இரண்டு மரைகூட முழுமையாக அமையாது. சாதாரண எம்4 நட் ஒன்றின் தடிப்போ 3.2 மில்லிமீற்றர், அதில் நாலரை மரை இருக்கிறது. ஆகவே தேய்ந்த துளையில் மறுபடி மரை வெட்டுவது பல இடங்களில் சரியான பதில் அல்ல. அந்த இடத்துக்குத் தடிப்பைக் கொடுப்பதே பதில்.

கை வைப்பதற்கு முன்: மின்சாரம்

வால்வு அம்பிளிபயர்களின் உள்ளே 300 முதல் 500 வோல்ற் வரை நேரோட்ட அழுத்தம் இருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் வடிகட்டும் கொள்ளளவிகள் (கப்பாசிட்டர்கள்) அந்த ஏற்றத்தைப் பிடித்து வைத்திருக்கலாம். அது உயிரைப் பறிக்கக்கூடியது. இந்தப் பகுதியைத் தாண்டிக் குதிக்க வேண்டாம்.

பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது. சில நிமிடங்கள் பொறுத்து, செசியைத் திறந்து, 10 கிலோஓம் 5 வாற்று தடையி ஒன்றின் ஒரு முனையைச் செசியோடு கிளிப்பால் இணையுங்கள். மறுமுனையை, நன்றாகக் காப்பிட்ட பிடியால் பற்றி, கொள்ளளவியின் நேர் முனையில் சில விநாடிகள் பிடியுங்கள். ஒவ்வொரு பெரிய கொள்ளளவிக்கும் இதைத் திரும்பச் செய்யுங்கள். ஒரு கையால் மட்டும் வேலை செய்யுங்கள். மற்றக் கை செசியைத் தொடக்கூடாது. பின் மல்டிமீட்டரை நேரோட்ட வோல்ற் அளவில் வைத்து அளந்து, சில வோல்ற்றுக்குக் கீழே வந்ததை உறுதிசெய்யுங்கள். இதில் பழக்கம் இல்லாதவர் இந்த ஒரு கட்டத்துக்காவது தெரிந்த தொழில்நுட்பவியலாளர் ஒருவரை அழைத்துக்கொள்ள வேண்டும். டிரான்சிஸ்டர் அம்பிளிபயர்களில் அழுத்தம் குறைவு என்றாலும் இதே ஒழுங்குதான்.

வால்வுகளைக் கழற்றி, எது எந்தச் சொக்கெட்டுக்குரியது என்று எழுதி, துணியில் சுற்றி எடுத்து வையுங்கள்.

துளை எந்த வகையைச் சேர்ந்தது?

டோர்ச் வெளிச்சத்தில் துளையை இருபுறமும் பாருங்கள். தகட்டையே உள்நோக்கி உந்திக் குழல் போலாக்கி அதில் மரை வெட்டியிருக்கலாம். தகட்டின் பின்னால் அழுத்திப் பதித்த நட் அல்லது பற்றவைத்த நட் இருக்கலாம். தகட்டின் விளிம்பில் செருகிய வில்லுக் கிளிப்பாக இருக்கலாம். ஒன்றுமே இல்லாமல், வெறுந்தகட்டில் தானே வெட்டிச் செல்லும் திருகாணியைப் போட்டிருக்கலாம். மலிவான அம்பிளிபயர்களின் பின் மூடியில் இதுவே அதிகம். தடித்த அலுமினியக் கட்டையில் அல்லது வார்ப்பில் வெட்டிய மரை சில இடங்களில் மட்டும் வரும்.

அந்தத் துளை என்ன சுமக்கிறது என்பதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பின் மூடியைப் பிடிக்கும் திருகாணிக்குப் பெரிய பாரம் இல்லை. ஸ்பீக்கரோடு சேர்ந்த பெட்டிகளில் செசி மேற்பலகையிலிருந்து தலைகீழாகத் தொங்குகிறது. டிரான்ஸ்போமர்களின் பாரம் முழுவதும் நான்கு திருகாணிகளில் நிற்கிறது. அங்கே அரைகுறை வேலைக்கு இடமே இல்லை. புவித்தொடுப்பு (எர்த்) திருகாணி தனி விடயம். அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

அங்குலமா, மில்லிமீற்றரா?

மரை போனதற்கான மூல காரணம் பல தடவை இங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் வடிவமைத்த அம்பிளிபயர்கள் பலவற்றில் அங்குல அளவு மரைகள். எங்கள் ஹார்ட்வெயார் கடைகளில் எளிதாகக் கிடைப்பவை மில்லிமீற்றர் அளவுகள். தொலைந்த திருகாணிக்குப் பதிலாக யாரோ கண்ணளவில் ஒன்றைப் போட்டிருப்பார்கள்.

செசியைத் தொங்கவிடும் இடங்களில் அடிக்கடி காணப்படும் 10-32 என்ற அளவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எண் விட்டத்துக்கான இலக்கம், அடுத்தது அங்குலத்துக்கு எத்தனை மரை என்பது. அதன் வெளிவிட்டம் 4.83 மில்லிமீற்றர், அங்குலத்துக்கு 32 மரை, அதாவது 0.79 மில்லிமீற்றர் இடைவெளி. எம்5 திருகாணியின் விட்டம் 5 மில்லிமீற்றர், இடைவெளி 0.8. இரண்டும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் எம்5 திருகாணி 10-32 துளைக்குள் இறுக்கமாகப் புகுந்து மரையைக் கிழித்துக்கொண்டு போகும். மறுபக்கம், 10-32 திருகாணி எம்5 துளைக்குள் சுகமாக இறங்கி, கடைசி இறுக்கத்தில் வழுக்கிவிடும். 8-32 என்பது 4.17 மில்லிமீற்றர் விட்டம், 0.79 இடைவெளி, எம்4 அதற்குள் ஓரிரு சுற்று தொளதொளவென்று போய்ச் சிக்கும். வால்வுச் சொக்கெட்டுகளில் வரும் 6-32 திருகாணியின் விட்டம் 3.5 மில்லிமீற்றர்.

சேதமில்லாத அயல் துளை ஒன்றின் திருகாணியைக் கழற்றி, வேணியர் இடுக்கிமானியால் விட்டத்தை அளவுங்கள். அளவு தெரிந்த இன்னொரு திருகாணியை அதன் மரைகளுக்குள் பொருந்தும்படி அருகே வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பல்லோடு பல் கடைசிவரை பொருந்தினால் இடைவெளி ஒன்றே. 10-32, எம்5 இரண்டையும் மட்டும் இந்த முறையில் பிரித்தறிய முடியாது; அங்கே விட்டத்தை மட்டுமே நம்புங்கள்.

முதலில் மரையைத் துடைத்துப் பாருங்கள்

மரை போய்விட்டது என்று முடிவுகட்ட அவசரப்பட வேண்டாம். துரு, பெயின்ட், அலுமினியத்தில் பூக்கும் வெள்ளைப் பொடி ஆகியவை அடைத்துக்கொண்டாலும் திருகாணி கோணலாகத்தான் நுழையும். துளையில் ஊடுருவும் எண்ணெய் ஒரு துளி விட்டு ஓர் இரவு வையுங்கள். அதே அளவுள்ள டாப்பை (துளைக்குள் மரை வெட்டும் கருவியை) கையால் பிடித்து, முதலில் பின்பக்கமாக மெல்லச் சுற்றுங்கள். மரை தன் தொடக்கத்தில் விழும்போது சிறிய தட்டல் ஒன்று விரலுக்குத் தெரியும். அந்த இடத்திலிருந்து முன்னோக்கிச் சுற்றினால் டாப் பழைய பாதையிலேயே போகும். முதல் மரை மட்டும் நசுங்கியிருந்தால் இத்தோடு வேலை முடிந்தது. துடைத்த பிறகும் சரியான திருகாணி சுற்றிக்கொண்டே இருந்தால்தான் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும்.

உலோகத் துகள்: அசட்டைக்கு இடமில்லை

துளையிடும் எவரும் இதை முதலில் படிக்க வேண்டும். மயிரிழை போன்ற ஓர் இரும்புச் சுருள் வால்வுச் சொக்கெட்டின் இரண்டு முனைகளுக்கு இடையே விழுந்தால் போதும். பியூஸ் மட்டுமல்ல, டிரான்ஸ்போமரே எரிந்துபோகலாம். துளையின் உட்பக்கத்தில் மறைப்பு நாடாவால் சிறு பை போல ஒட்டி, சுற்றியுள்ள மின்சுற்றைப் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். துளை கீழ்ப்பக்கத்தில் வரும்படி செசியைச் சாய்த்து வையுங்கள். டாப்பின் பள்ளங்களில் கிறீஸ் பூசினால் துகள்கள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். கொம்பிரசர் காற்றால் ஊதாதீர்கள். அது துகளைச் சுற்றுப்பலகையின் அடியில் தள்ளிவிடும். உறிஞ்சி எடுக்கும் கருவியே நல்லது. இரும்புத் துகளுக்குப் பொலித்தீனில் சுற்றிய காந்தம் உதவும். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது என்பதால் அங்கே தூரிகையும் பொறுமையும்தான்.

நட்: எளியதும் சிறந்ததும்

துளையின் பின்புறத்துக்குக் கை போகுமென்றால் யோசிக்கவே வேண்டாம். தேய்ந்த மரையை மறந்துவிட்டு, திருகாணி தாராளமாகப் போகும்படி துளையைச் சற்றுப் பெரிதாக்கி, நீளமான திருகாணியைப் போட்டு, பின்னால் வாஷரும் நைலோன் வளையமுள்ள நட்டும் வைத்து இறுக்குங்கள். டிரான்ஸ்போமர்களுக்கு நான் சொல்லும் ஒரே முறை இதுதான். நைலோன் நட் அதிர்வில் கழலாது. சூடான வால்வுகளுக்கு மிக அருகில் மட்டும் அதைத் தவிர்த்து, பல் வாஷரோடு சாதாரண நட் போடுங்கள். திருகாணியின் நுனி உள்ளே எந்தக் கம்பியையும் தொடவில்லை என்பதைப் பார்த்து, நீளம் அதிகமானால் வெட்டி அரத்தால் தேயுங்கள். அதை வெளியே வைத்துச் செய்யுங்கள், செசிக்குள் வேண்டாம்.

பெரிதாக்கி மரை வெட்டுதல்

மூன்று மில்லிமீற்றருக்கு மேல் தடிப்புள்ள இடத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள். எம்3 போன இடத்தில் 3.3 மில்லிமீற்றர் துளையிட்டு எம்4 வெட்டலாம். எம்4 போன இடத்தில் 4.2 துளையிட்டு எம்5. எம்5 போன இடத்தில் 5.0 துளையிட்டு எம்6. அங்குலத் துளைகளில் நல்வாய்ப்பான பொருத்தம் ஒன்று இருக்கிறது: 8-32 மரையின் வெளிவிட்டம் 4.17 என்பதால் எம்5 மரைக்குரிய 4.2 துளை பழைய மரையை முழுவதும் அகற்றிவிடும். 10-32 துளையோ மரை இடைவெளி ஏறத்தாழ ஒன்றென்பதால், எம்5 டாப்பை அதே பாதையில் நிதானமாக இறக்கினாலே மாறிவிடும். எம்5, எம்6 டாப்புகள் மோட்டார் சைக்கிள் திருத்தும் இடங்களில் எளிதாகக் கிடைக்கும்.

டாப்பைத் தகட்டுக்குச் செங்குத்தாகப் பிடித்து, அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று நகர்த்துங்கள். பின்னே வரும்போதுதான் சுருள் உடைகிறது. அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய், இரும்புக்கு எஞ்சின் எண்ணெய். டாப் இறுகினால் வலியாதீர்கள்; சிறிய டாப் துளைக்குள் முறிந்தால் அதை எடுப்பது மூலப் பழுதைவிடப் பெரிய வேலை.

குழல் நட்: பின்னால் கை போகாத மெல்லிய தகட்டுக்கு

ரிவெட் போலத் துளையில் செருகி, இழுக்கும்போது பின்புறம் விரிந்து தகட்டைக் கவ்விக்கொள்ளும் உள்மரையுள்ள குழல் நட் இது. கடையில் ரிவ்நட் என்று கேளுங்கள். மெல்லிய செசிக்கு இதைவிடப் பொருத்தமான தீர்வு எனக்குத் தெரியவில்லை.

எம்3 அளவுக்கு 5 மில்லிமீற்றர் துளை, எம்4 அளவுக்கு 6, எம்5 அளவுக்கு 7, எம்6 அளவுக்கு 9 என்பது வழமை; பக்கெட்டில் எழுதியிருப்பதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். துளையின் விளிம்புக்கும் தகட்டின் ஓரத்துக்கும் இடையே போதிய உலோகம் மிஞ்சுமா என்பதை முதலில் அளவுங்கள். மெல்லிய தகட்டில் சாதாரண ட்ரில் பிட் கவ்வி இழுத்து முக்கோணத் துளை போட்டுவிடும். அப்படியான துளையில் ரிவ்நட் சுழலும். படிப்படியாக அகலும் கூம்பு பிட்டைப் பயன்படுத்துங்கள், அல்லது பின்னால் மரக்கட்டை வைத்துச் சிறிய பிட்டிலிருந்து அரை மில்லிமீற்றராக ஏறி வாருங்கள். கடைசி அளவுக்குச் சற்று முன்பே நிறுத்தி, வட்ட அரத்தால் தேய்த்துப் பொருத்துவது இன்னும் நல்லது. ரிவ்நட் விரலால் அழுத்தினால் இறுக்கமாக உள்ளே போக வேண்டும்.

இழுக்கும் கருவி இல்லையென்றால், தரம் 8.8 அலன் போல்ட் ஒன்றில் முதலில் ஒரு நட், பின் கிறீஸ் பூசிய இரண்டு வாஷர்கள், கடைசியில் ரிவ்நட் என்று கோர்த்துக்கொள்ளுங்கள். துளைக்குள் வைத்து, அலன் சாவியால் போல்ட்டை அசையாமல் பிடித்து, ஸ்பனரால் நட்டைத் தகட்டை நோக்கி இறக்குங்கள். போல்ட் மேலே இழுபட, ரிவ்நட்டின் உடல் பின்புறம் மடிந்து கவ்வும். எதிர்ப்பு திடீரென்று அதிகரிக்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் இழுத்தால் புதிய மரையே போய்விடும்.

அலுமினியச் செசிக்கு அலுமினிய ரிவ்நட்டும், இரும்புச் செசிக்குத் துத்தநாகம் பூசிய இரும்பு ரிவ்நட்டும் எடுங்கள். பித்தளையையோ துருவேறா எஃகையோ அலுமினியத்துக்குள் பதித்தால் உப்புக் காற்றில் அலுமினியம் அரிக்கப்பட்டு, சில மழைக்காலங்களில் துளை மறுபடி தளர்ந்துவிடும். ரிவ்நட்டின் விளிம்பு தகட்டுக்கு மேலே சற்றுத் துருத்தி நிற்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். செசி பலகையோடு ஒட்டி உட்கார வேண்டிய இடத்துக்கு மெல்லிய விளிம்புள்ள வகையே பொருந்தும்.

பதித்த நட் கழன்று சுற்றினால்

தொழிற்சாலையில் அழுத்திப் பதித்த நட் தகட்டிலிருந்து விடுபட்டுத் திருகாணியோடு சேர்ந்து சுற்றும். உட்பக்கம் எட்டினால் மெல்லிய இடுக்கியால் பிடித்துக் கழற்றலாம். எட்டாவிட்டால் திருகாணியின் தலையைத் துளைத்து அகற்ற வேண்டிவரும். நட் உள்ளே விழும் என்பதால் அதைக் கண்டெடுக்காமல் மேலே போகாதீர்கள். பிறகு அதே துளையில் பெரிய வாஷரும் நட்டும் போடலாம், அல்லது துளை அளவு சரிவந்தால் ரிவ்நட் போடலாம். மின்சுற்று உள்ளே இருக்கும்போது செசியில் மின்பற்றவைப்பு ஒருபோதும் செய்ய வேண்டாம். பற்றவைத்தே தீர வேண்டுமென்றால் எல்லாவற்றையும் கழற்றி, வெறுஞ்செசியை மட்டும் பட்டறைக்குக் கொடுங்கள்.

வில்லுக் கிளிப் தளர்ந்தால் புதியதை வாங்கிச் செருகுங்கள். கார்களின் பிளாஸ்டிக் பாகங்களில் வருவதும் இதே வகைதான்.

தடித்த அலுமினிய வார்ப்பில் பழைய அளவையே காப்பாற்ற வேண்டுமென்றால் கம்பிச்சுருள் செருகல் (துளைக்குள் இறக்கி, புதிய மரையாக நிற்கும் கம்பிச் சுருள்) போடலாம். மோட்டார் சைக்கிள் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் மரை போனால் செய்வதும் இதுவே; ஆகவே அந்த வேலை தெரிந்த கைகள் ஊரிலேயே இருக்கின்றன. அம்பாறைப் பக்கம் நெல் ஆலைகளுக்கும் உழவு இயந்திரங்களுக்கும் கடைசல் வேலை செய்பவர்களிடமும் கேளுங்கள். மட்டக்களப்புப் பறங்கியர் சமூகத்தில் தச்சும் கொல்லும் இயந்திர வேலையும் பரம்பரைத் தொழில்கள். வயலினும் பைலாவும் அதே சமூகத்தின் சொத்து. உலோகமும் இசையும் தெரிந்த ஒருவர் அங்கே கிடைத்தால் அவருடைய சொல்லைக் கேட்டு நடங்கள்.

செய்யக்கூடாதவை

துளையில் எபொக்சி நிரப்பி அதில் மரை வெட்டுவதைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். பெயர்ப்பலகைக்குப் போதும், பாரத்துக்கோ சூட்டுக்கோ அது நிற்காது, மின்சாரத்தையும் கடத்தாது. தீக்குச்சியும் பசையும் மரப்பெட்டிக்குரியவை, தகட்டுக்கு அல்ல. துளைக்குள் பற்றாசை உருக்கி விடுவதும் வீண்; அது மென்மையான உலோகம், முதல் இறுக்கத்திலேயே வழியும்.

புவித்தொடுப்புத் திருகாணி

பிளக்கிலிருந்து வரும் பச்சை மஞ்சள் கம்பி செசியோடு சேரும் இடத்தில் மரை போயிருந்தால், அங்கே ரிவ்நட்டும் வேண்டாம், எபொக்சியும் வேண்டாம், மரை வெட்டுதலும் வேண்டாம். கிற்றாரின் கம்பிகள் செசியோடு மின்னிணைப்பில் இருக்கின்றன. 230 வோல்ற் செசிக்கு வந்தால், வாசிப்பவரின் கைக்கும் வந்துவிடும். அந்த ஆபத்தைத் தடுப்பது இந்த ஒரு திருகாணிதான்.

துளையைச் சுற்றி வளைய முனை உட்காரும் அளவுக்குப் பெயின்டைச் சுரண்டி, பளிச்சென்ற உலோகத்தைக் காட்டுங்கள். எம்4 அல்லது எம்5 திருகாணி, பல் வாஷர், வளைய முனை, மறுபடி பல் வாஷர், நட், அதன் மேல் இன்னொரு பூட்டு நட் என்று இறுக்குங்கள். டிரான்ஸ்போமரைப் பிடிக்கும் திருகாணியில் இதைச் சேர்த்துப் போடாதீர்கள். தனித் துளை கொடுங்கள். பின் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, பிளக்கின் எர்த் முனைக்கும் செசியின் வெறும் உலோகத்துக்கும் இடையே அளவுங்கள். மீட்டர் கம்பிகளின் தடையைக் கழித்தால் சுழியத்தை ஒட்டி இருக்க வேண்டும். கம்பியை அசைக்கும்போது எண் தாவினால் மறுபடி கழற்றிச் செய்யுங்கள்.

பூட்டுதலும் சோதனையும்

ஒவ்வொரு திருகாணியையும் விரலால் இரண்டு மூன்று சுற்று இறக்கிய பிறகே ஸ்குரூ டிரைவரை எடுங்கள். நான்கு மூலைகளையும் தளர்வாகப் போட்டுவிட்டு, மூலைக்கு மூலை எதிரெதிராக இறுக்குங்கள். மரையில் மெல்லிய கிறீஸ் பூசினால் உப்பு நுழையாது. புவித்தொடுப்பின் தொடு பரப்பில் மட்டும் பூசாதீர்கள். மாற்றிய திருகாணி எந்த அளவு என்பதைச் செசியின் உட்பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்து திறப்பவர் தவறான ஒன்றைத் திணிக்காமல் இருக்க அந்த ஒரு வரி போதும்.

செசியைத் தூக்கி மெல்ல ஆட்டி, உள்ளே ஏதும் உருளும் ஓசை வருகிறதா என்று கேளுங்கள். வால்வுகளைப் போட்டு, ஸ்பீக்கரை இணைத்து, பிறகு மின்சாரம் கொடுங்கள். ஐந்து நிமிடம் புகையோ மணமோ இல்லையென்றால் கிற்றாரைச் செருகி, தடித்த ஆறாவது கம்பியிலிருந்து ஒவ்வொரு சுரமாக மேலே ஏறி வாசியுங்கள். அந்தக் கம்பியின் 82 ஹேர்ட்ஸ் அதிர்வு தளர்ந்த எதையும் எழுப்பிவிடும். ஒரு குறிப்பிட்ட சுரத்தில் மட்டும் தகடு கிணுகிணுத்தால் அந்தச் சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லி, காய்ந்த மரக்குச்சியால் மூடியையும் திருகாணித் தலைகளையும் வெளியிலிருந்து ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். ஓசை எங்கே நிற்கிறதோ, அடுத்து பார்க்க வேண்டிய துளை அதுதான்.